வெளிநாடு போகிற அக்காவுக்கு எந்தப் பை?



போன மாதம் செல்லிப்பட்டில் குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்தது, உள்கடன் பேசி முடிந்தது, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், எனக்கு விசா வந்துடுச்சு. பொண்ணு பிரசவத்துக்குப் பாரீசு போறேன். கையில எந்தப் பை எடுத்துக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல." கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "ஜவுளிக்கடை கட்டைப்பை இருக்கே, அது போதாதா?" என்றார் ஒருவர். "ஒயர் கூடையை எடுத்துட்டுப் போ, மகளுக்கு முருங்கைக்காய் வச்சுக்கலாம்" என்றார் இன்னொருவர்.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்த அக்கா அவர். "சிரிக்காதீங்கடி. என் பாஸ்போர்ட்டு என் பையில இருந்திருந்தா நான் எங்கம்மா சாவுக்கு வந்திருப்பேன்" என்றார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இருட்டும் வரை கூட்டம் நடந்தது. அன்று பேசியதையும், பிறகு நாங்கள் நாலு பேரிடம் விசாரித்ததையும் சேர்த்து இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

நம்ம புதுச்சேரிப் பக்கத்துக்கு வெளிநாட்டுப் பயணம் புதுசு இல்லை. 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அதனால் இங்கே பல வீடுகளுக்கு பிரான்சில் ஒரு சொந்தம் இருக்கிறது. இன்னொரு பக்கம் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். முன்பெல்லாம் ஆண்கள் போனார்கள், பெண்கள் வழியனுப்பினார்கள். இப்போது ஐம்பது வயதில் முதல் தடவையாக விமானம் ஏறி, அதுவும் தனியாக, அம்மாக்கள் போகிறார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. ஆம்பளைக்குச் சட்டையில் ஒரு பை, பேன்ட்டில் மூன்று பை. பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து பட்டன் போட்டால் முடிந்தது. புடவையில் ஏது பை? பணம் என்றால் ஜாக்கெட்டுக்குள், சாவி என்றால் இடுப்பில், மீதி எல்லாம் கையில் அல்லது பக்கத்தில் வருகிறவரிடம். ஆகவே பெண்ணுக்குக் கைப்பை என்பது அலங்காரச் சாமான் இல்லை. அவள் யார், எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறாள், எப்போது திரும்புவாள் என்று சொல்கிற காகிதம் எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் அந்தக் காகிதம்தான் நமக்காகப் பேசும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போய்வந்த ஒரு அக்கா தன் கதையைச் சொன்னார். பயணத்துக்கென்று பளபளவென ஒரு பை வாங்கியிருக்கிறார். வாய் நல்ல அகலம், மேலே ஜிப் கிடையாது, நடுவில் ஒரு காந்த பட்டன் மட்டும். சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. பையை ட்ரேயில் வைத்து இயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டு, இவர் பெண்களுக்கான திரை மறைவுக்குள் சோதனைக்குப் போனார். ட்ரேயில் பை சாய்ந்து, பாஸ்போர்ட் வெளியே வழுக்கி விழுந்துவிட்டது. இவர் வந்ததும் பையை மட்டும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். விமானத்தில் ஏற்றுகிற வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்டபோதுதான் இல்லை என்று தெரிந்தது. திரும்ப ஓடினார். நல்லவேளை, சோதனை செய்கிற பெண் காவலர் எடுத்து வைத்திருந்தார். "விமானம் போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னுகூடத் தோணல. மகன் என்ன சொல்லுவான்னுதான் அழுதேன்" என்றார் அந்த அக்கா. பட்டனுக்குப் பதில் ஒரு ஜிப் இருந்திருந்தால் அந்த அழுகை இல்லை.

கடையில் பார்க்க வேண்டியது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் சரி, வில்லியனூர்க் கடையில் வாங்கினாலும் சரி, முதலில் பையின் வாயைப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஜிப் மூடவேண்டும். ஜிப்பை இருபது தடவை இழுத்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். ரன்னர் ஓரத்தில் சிக்கினாலும், மூடிய பிறகு பல் பிரிந்தாலும் அந்தப் பை வேண்டாம். மேலே ஒரு மூடியும் மடிந்து ஜிப்பை மறைத்தால் இன்னும் நல்லது. ஜிப்பைத் திறக்க வருகிற கை முதலில் மூடியைத் தூக்க வேண்டும், அது நமக்குத் தெரிந்துவிடும். ரன்னரின் ஓட்டையில் ஒரு ஊக்கை மாட்டி ஓரத்துத் துணியோடு குத்திவிட்டால் போதும். தாலிச்சரட்டில் நாலு ஊக்கு வைத்திருப்பவர்கள்தானே நாம்!

அடுத்தது தோள்வார். பை கிழிவது பெரும்பாலும் துணியில் இல்லை, வார் சேருகிற இடத்தில்தான். அங்கே ஒற்றைத் தையல் போட்டிருக்கிறார்களா, அல்லது கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். தையல் தெரிந்த சகோதரிகளுக்கு நாங்கள் சொல்லவேண்டியதில்லை. வார் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். மெல்லிய சங்கிலி வார் பார்க்க அழகு, ஆனால் அரை மணி நேரத்தில் தோளை அறுத்துவிடும். நீளத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

பை கனமாக இருக்கக் கூடாது. காலிப் பையே ஒரு கிலோ என்றால் சாமான் வைத்த பிறகு என்ன ஆகும்? காலியாக அரைக் கிலோவுக்குள், நிறைத்த பிறகு இரண்டு கிலோவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். களை எடுத்து, புல்லுக்கட்டுத் தூக்கி ஏற்கனவே தோள் வலியோடு இருப்பவர்கள் நாம். விமான நிலையத்தில் நடக்கிற தூரமும் கொஞ்சநஞ்சம் இல்லை.

தோல் பை வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நம்ம புதுச்சேரியில் 1978-ல் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தின் தோல் பைகள் இன்று வெளிநாடுகளிலும் விற்கின்றன. நம்ம ஊர்ப் பை வெளிநாடு போகிறது என்பதில் நமக்கும் பெருமைதான். தோல் உழைக்கும், சுலபத்தில் கிழியாது. ஆனால் விலையும் கனமும் அதிகம். வருஷக்கணக்கில் வைத்துப் புழங்கப் போகிறவர் வாங்கலாம். மூன்று மாதப் பயணத்துக்காக உள்கடன் எடுத்துத் தோல் பை வாங்குவதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். ரெக்சின் மலிவு. ஆனால் வெயிலிலும் மடிப்பிலும் உரிந்துபோகும். எங்களுக்குப் பிடித்தது கெட்டியான கேன்வாஸ், இல்லையென்றால் தண்ணீர் இறங்காத பாராசூட் துணி.

உள்ளே லைனிங் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு லைனிங் போட்ட பைக்குள் கறுப்புப் பர்ஸைத் தேடுவது கிணற்றில் குடம் தேடுகிற கதை. உள்ளே ஜிப் வைத்த அறை ஒன்றாவது வேண்டும், அது முதுகுப் பக்கமாக, அதாவது நம் உடம்பை ஒட்டிய பக்கமாக இருக்க வேண்டும். அளவு எவ்வளவு? பாஸ்போர்ட் சுமார் 12.5 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். டிக்கெட், விசாக் கடிதம் எல்லாம் ஏ4 தாள். அதை இரண்டாக மடித்தால் 21 செ.மீ.க்கு 15 செ.மீ. ஆகவே 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் உள்ள பை தாராளம். அதற்கு மேல் பெரிசாக வாங்கினால் மகளுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று சாமான் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பாஸ்போர்ட் அடியில் கிடக்கும்.

இப்போது சில கடைகளில் "சிப்பில் இருக்கிற விவரத்தைத் திருட முடியாத பை" என்று சொல்லிக் கூட விலை கேட்கிறார்கள். அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கூட்டத்தில் கைவைக்கிற திருடன் சிப்பைத் தேடி வருவதில்லை, பர்ஸைத் தேடித்தான் வருகிறான்.

வாங்கி வந்த அன்றைக்கே ஒரு சோதனை: இரண்டு கிலோ அரிசியைப் பொட்டலம் கட்டி உள்ளே வைத்து, வாரைப் பிடித்து ஆணியில் இரவு முழுக்க மாட்டி வையுங்கள். காலையில் தையல் இழுபட்டிருந்தால் பில்லோடு கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்விடலாம். பாரீஸ் போய் அறுந்தால் யாரிடம் கேட்பது?

எப்படி மாட்டுவது

தோளில் ஒரு பக்கமாகத் தொங்கவிடுவது, முழங்கையில் மாட்டுவது இரண்டும் வேண்டாம். இழுத்தால் வந்துவிடும். வலது தோளில் வாரைப் போட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, பை இடது இடுப்புக்கு முன்னால் வயிற்றுப் பக்கம் வரவேண்டும். இடது தோளில் முந்தானை மடிப்பு இருப்பதால் அங்கே வார் உட்காராது, ஊக்கையும் இழுக்கும். வலது தோளில் போட்டால் முந்தானையை பை மேலேயே விட்டு மறைக்கலாம். சுடிதார் போடுகிறவர்களுக்கு எந்தத் தோளும் சரிதான். பை முன்னால் இருக்கிறதா என்பது மட்டும் முக்கியம். முதுகுப் பை வசதிதான். ஆனால் முதுகில் இருப்பதை நாம் பார்க்க முடியாது. அதில் துணி வைக்கலாம், பாஸ்போர்ட் வைக்கக் கூடாது.

பாரீஸ் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறோம். அங்கே மெட்ரோ ரயிலில் ஜேப்படி சகஜம். ரயிலில் எச்சரிக்கை அறிவிப்பே செய்கிறார்கள். கதவு மூடப் போகிற நேரத்தில் ஒருவர் இடிப்பார், பக்கத்தில் இருப்பவர் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஈஃபில் கோபுரம் மாதிரி இடங்களில் அட்டையில் காகிதம் வைத்துக் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். அந்த அட்டையை நம் பைக்கு மேலே நீட்டினால், கீழே இன்னொரு கை வேலை செய்கிறது என்று அர்த்தம். நின்று பேசாமல் நகர்ந்துவிடுங்கள். நம்ம ஜனங்கள் கடைக்குப் போகிற லாச்சப்பல் பகுதியிலும், அங்கே மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஓடுகிற நாளிலும் பெரும் கூட்டம் இருக்கும். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேர்க் கூட்டத்தில் சங்கிலியை எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்போமோ, அதே ஜாக்கிரதை அங்கேயும் வேண்டும். தமிழ் முகம் நாலு பார்த்ததும் மனசு லேசாகும், கையும் லேசாகிவிடக் கூடாது.

குளிர் காலத்தில் அங்கே கோட்டு போடவேண்டும். அப்போது பையைக் கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு மேலே கோட்டை மூடுங்கள். இதைவிடப் பாதுகாப்பு வேறு கிடையாது. இறங்கி வெயிலில் நடக்கும்போது வெளியே மாட்டலாம். வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

உள்ளே என்ன, எங்கே

பாஸ்போர்ட், விசாத் தாள், டிக்கெட், போய்ச் சேருகிற வீட்டு முகவரி, இரண்டு போன் நம்பர். இவை பிளாஸ்டிக் உறையில், முதுகுப் பக்க ஜிப் அறையில். முகவரியை அந்த நாட்டு எழுத்தில் மகளையோ மகனையோ எழுதி அனுப்பச் சொல்லுங்கள், டாக்சிக்காரருக்குக் காட்ட உதவும். போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள். சார்ஜ் போனால் போனும் கல்லுதான். அன்றாட மாத்திரை டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் வரவேண்டும், பெரிய பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வரலாம். மூக்குக் கண்ணாடி, ஒரு பேனா. பேனா எதற்கென்றால், சில நாடுகளில் இறங்கும்போது படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கைச்செலவுக்கு வேண்டியது வெளி அறையில் சின்னப் பர்ஸில், மீதி வேறிடத்தில். இந்திய ரூபாய் நோட்டாக 25,000-க்கு மேல் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது விதி.

பவர் பேங்க் இருந்தால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கத்தரிக்கோல், கத்தி, பாக்குவெட்டி இதற்கு நேர் எதிர். பெரிய பெட்டியில்தான் போகவேண்டும். தேங்காய் எண்ணெய், ஷாம்பு, தைலம் போன்றவை கைப்பையில் வைத்தால் ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். 2006-ல் லண்டனில் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று வாதாடிப் பிரயோஜனம் இல்லை. பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். ஊறுகாய், நெய்யைக் கைப்பையில் வைத்துவிட்டு அங்கே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவர்கள் நம்மில் உண்டு. பிரான்ஸ் போகிறவர்கள் நெய்யையும் பால்கோவாவையும் பெரிய பெட்டியிலும் வைக்காதீர்கள். வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டிருக்கிறது.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. குருமாவுக்குப் போடுகிற கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் தடை செய்யப்பட்ட பொருள். போதைப் பொருள் வழக்காகவே ஆகிவிடும். மசாலாப் பொட்டலத்தில் ஒரு கைப்பிடிகூட இருக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற அம்மாக்களே, சிங்கப்பூருக்கு மெல்லும் புகையிலை கொண்டுபோகக் கூடாது. அந்தச் சுருக்குப்பையை உதறிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். யாராவது வந்து "எங்க பையனுக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துடுங்க" என்றால், பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மனசில்லாதவர் பொட்டலம் நமக்கு வேண்டாம். உறவுக்காரர் கோவித்துக்கொள்வார், கொள்ளட்டும்.

குவைத் அக்கா சொன்னது

இந்த அக்கா போகும்போது கைப்பையே வாங்கவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம், எல்லாம் நானே பத்திரமா வச்சிருக்கேன்" என்று அழைத்துப்போன ஏஜென்ட் ஐந்து பெண்களின் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் அத்தனையும் தன் ஒரே தோல் பையில் வைத்துக்கொண்டார். அங்கே இறங்கியதும் அந்தப் பையிலிருந்து எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தன் ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு எழுதியிருந்தது என்பதைக்கூட இந்த அக்கா பார்த்ததில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டார். அப்புறம் தருகிறேன் என்றார்கள். அம்மா இறந்துபோனார். அப்போதும் தரவில்லை. இவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. புறப்படுவதற்கு முன்னாள் இவருடைய தம்பி பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து மடித்துக் கொடுத்திருக்கிறார். அதை இடுப்பில் சொருகுகிற சுருக்குப்பையில் வைத்திருந்தார். அந்தச் சுருக்குப்பையை யாரும் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் பக்கத்து வீட்டு மலையாளிப் பெண்ணோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனார். நம்பர் தெரிந்ததால் விவரத்தைச் சரிபார்க்க முடிந்தது. ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் கிடைத்து, மற்ற அனுமதிகளும் முடிந்து, இவர் வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மாவுக்குக் கருமாதி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. அவர் புறப்படும் முன் எங்களிடம்தான் யோசனை கேட்டார். "ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1967-ம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. நம் கையில் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏஜென்டுக்கோ முதலாளிக்கோ அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. குவைத்தே 2015-ல் கொண்டுவந்த வீட்டுப் பணியாளர் சட்டத்தில், பணியாளர் சம்மதம் இல்லாமல் அவருடைய பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குள் நின்று சட்டம் பேசி அடிவாங்கச் சொல்லவில்லை நாங்கள். கொடுக்கத்தான் வேண்டியிருந்தால் கொடுத்துவிட்டு, நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையாக இருக்கும். அந்தப் பாஸ்போர்ட்டில் குவைத், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அப்படிப் போகும் பெண்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகவேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. தமிழ்நாட்டில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் அப்படி ஒரு அரசு நிறுவனம், சென்னையில் இருக்கிறது. சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு "அங்கே போய் மாத்திக்கலாம்" என்கிறவரிடம் எந்தப் பையையும் கொடுக்காதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள். அந்த அனுமதித் தாளும் காப்பீட்டுத் தாளும் ஒப்பந்தமும் உங்கள் பையில் இருக்கவேண்டும், உங்களுக்குப் புரிகிற பாஷையில் ஒருவர் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நாமே தைக்கிற உள்பை

மீன் விற்கிற அக்காமார் இடுப்பில் சுருக்குப்பை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சந்தையில் ஆயிரம் பேர் இடித்தாலும் அந்தப் பணம் போகாது. அந்த யோசனையைத்தான் கொஞ்சம் மாற்றி, பாவாடையோடு சேருகிற மாதிரி செய்திருக்கிறோம். நம் தையல் குழு சகோதரிகள் இரண்டு தடவை தைத்துப் பார்த்து அளவைச் சரி செய்தார்கள்.

பழைய பருத்திப் பாவாடைத் துணி போதும். 14 செ.மீ. அகலம், 46 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் 2 செ.மீ. மடித்து அடியுங்கள். மிஞ்சுவது 42. ஒரு முனையிலிருந்து 17 செ.மீ. மேலே மடித்து இரு பக்கமும் ஒரு செ.மீ. விட்டுத் தைத்தால் பை. மீதி நிற்கிற 8 செ.மீ. மூடி. மூடியின் இரண்டு ஓரத்தையும் மடித்து அடித்துவிடுங்கள். மூடிக்கு ஒரு பிரஸ் பட்டன் அல்லது வெல்க்ரோ. முதுகுப் பக்கம் மேலே, பாவாடை நாடா நுழைகிற மாதிரி இரண்டு காது வைத்துத் தையுங்கள். கட்டும்போது பாவாடை நாடாவை அந்தக் காதுகளில் நுழைத்துக் கட்டினால் பை உள்பக்கம் தொங்கும். நாடா அவிழ்ந்தால் ஒழியப் பை போகாது. ஒரு கட்டமும் தேவையில்லாத வேலைப்பாடும் வேண்டாம், தட்டையாக இருந்தால்தான் உறுத்தாது. வியர்வை படுமே என்றால், உள்ளே வைப்பதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நாலாக மடித்த ஏ4 தாளும் பாஸ்போர்ட்டும் இதில் சரியாக அடங்கும்.

பயணத்தன்று பாஸ்போர்ட்டை இதில் வைக்க வேண்டாம். ஐந்தாறு இடத்தில் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் இடுப்பில் கைவிட்டுத் தேடுவது நமக்கும் கூச்சம், நாலு பேருக்கும் பணம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது மாதிரி. அன்றைக்கு பாஸ்போர்ட் கைப்பையின் உள் அறையில், நகல்களும் கொஞ்சம் பணமும் உள்பையில். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இடம் மாற்றிக்கொள்ளலாம். நகல் என்றால் பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கம், கடைசிப் பக்கம், விசா மூன்றும். ஒரு செட் உள்பையில், ஒரு செட் பெரிய பெட்டியில், ஒரு செட் இங்கே குழுப் பெட்டியில். ஊக்குநரும் பிரதிநிதியும் அதைக் கவரில் ஒட்டி வைக்கட்டும்.

அப்படியும் தொலைந்துவிட்டால்? முதலில் போலீஸ். பிரான்சிலும் மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அவசரத்துக்கு 112, குவைத்திலும் 112, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போலீசுக்கு 999. புகார் எழுதிக்கொடுத்து அதன் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துக்கொண்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகவேண்டும். நகல் இல்லாமலும் காரியம் நடக்கும், ஆனால் நாள் ஆகும்.

பாரீஸ் போகிற அக்கா கடைசியில் காந்தி வீதியில் ஒரு கேன்வாஸ் பை எடுத்திருக்கிறார். பழுப்பு நிறம், முழு ஜிப், மேலே மூடி. ஆணியில் மாட்டிப் பார்த்ததில் வார் தாங்கியது, ஆனால் லைனிங் கறுப்பு. அதைப் பிரித்துவிட்டு மஞ்சள் துணி வைத்துத் தர தையல் குழுவில் ஒரு தங்கை ஒத்துக்கொண்டிருக்கிறார். புறப்படும் வரை தினமும் அதை மாட்டிக்கொண்டே கடைக்கும் கோயிலுக்கும் போய்வரச் சொல்லியிருக்கிறோம். பார்க்கிறவர்கள் கேலி செய்கிறார்களாம். ஜிப்பைப் பார்க்காமலே திறந்து மூட இப்போதே கை பழகிவிட்டது என்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற கைப்பை ஏதாவது ஒன்றை எடுத்து வாருங்கள். வெளிநாடு போகாதவர்களும்தான், ஜிப்மருக்கும் பேங்குக்கும் போகிற பை என்றாலும் சரி. ஜிப், வார், தையல் மூன்றையும் ஒவ்வொரு பையாகப் பார்ப்போம். எடை பார்க்கத் தராசு நாங்கள் கொண்டுவருகிறோம். உள்பைக்கு வெட்டிய துணி இருபது துண்டு இருக்கும், ஊசி நூல் மட்டும் எடுத்து வந்தால் போதும்.